நாலைந்து தரம் அமத்தினால்தான் தொடங்கும் பழைய கொம்பியூட்டர்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். 2012 இல் வாங்கிய வீட்டுக் கொம்பியூட்டர். இன்டெல் ஐ3, எச்61 மதர்போட் (எல்லாம் பூட்டும் தாய்ப் பலகை), 4 ஜிபி ராம் (தற்காலிக ஞாபகம்), விண்டோஸ் 7. இந்த மாரி மழைக்குப் பிறகு ஒழுங்காகத் தொடங்குவதில்லை. பொத்தானை அமத்தினால் லைற் எரியும், ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. நாலைந்து தரம் அமத்தி அமத்தி நிறுத்தினால் ஒரு தரம் வரும். வந்தாலும் திகதி 2012 ஜனவரி 1 என்று நிற்கும். விண்டோஸ் சின்னம் தோன்றும், நீலமாக ஏதோ பளிச்சென்று வந்து மறையும், பிறகு திரும்பவும் முதலிலிருந்து. உள்ளே அவருடைய அப்பா வருடக்கணக்காகத் தட்டச்சு செய்த கூத்துக் கொப்பிகளும், காலமான அம்மாவின் படங்களும் இருக்கின்றன. கடையில் காட்டியதற்கு, "போட் போயிற்று, புதுசு எடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். எறிவதா திருத்துவதா என்று கேட்கிறார்.

தங்கச்சி, இதை வாசித்து முடிக்கும்வரை அந்தப் பொத்தானை இனி அமத்த வேண்டாம். சுவர்ச் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றி வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு தரமும் அமத்தும்போது உள்ளே ஹாட் டிஸ்க் சுற்றத் தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி சுற்றுகிறது. பத்து வருடத்துக்கு மேல் கண்ட டிஸ்க்குக்கு இந்தத் தொடக்கமும் நிறுத்தமும்தான் பெரிய வேலை. தொடர்ந்து ஓடுவது அவ்வளவு வேலை இல்லை. விண்டோஸும் பாதியில் அறுந்த ஒவ்வொரு தரமும் எதையாவது எழுதப் பார்க்கும். பெட்டிக்கு ஒன்றும் ஆகாமல் டிஸ்க் மட்டும் இதனால் போன கதை எனக்குத் தெரியும்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் 20 வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கல்லடியிலும் நாவலடியிலும் ஒரு ஆல்பம்கூட மிஞ்சாத வீடுகளைக் கண்டவன். கலியாணப் படம் ஒன்றாவது யாரிடமாவது இருக்குமா என்று சொந்தக்காரர் வீடுவீடாகக் கேட்டுத் திரிந்தார்கள். அதனால் உள்ளே படம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் பெட்டியைப் பற்றிப் பிறகுதான் பேசுவேன். உங்கள் விடயத்திலும் அப்படித்தான். படமும் கொப்பியும் முதலில் வெளியே வரட்டும்.

ஹாட் டிஸ்க்கைக் கழற்றுவது கடினமில்லை. முன்பக்கத்தை நீங்கள் பார்த்திருக்கும்போது கேசிங்கின் இடது பக்கத் தகடு, பின்னால் இரண்டு ஸ்குறூ. தகட்டைப் பின்னோக்கி இழுத்தால் கழன்றுவிடும். உள்ளே கை வைக்குமுன் கேசிங்கின் பெயின்ற் அடிக்காத இரும்பை ஒருதரம் தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். டிஸ்க்கில் இரண்டு வயர்தான்: அகலமானது கரண்டுக்கு, ஒடுக்கமானது தகவலுக்கு. இரண்டையும் வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டாக நாலு ஸ்குறூ. கழற்றியதும் மெத்தென்ற துணியில் வையுங்கள். மேசையில் அது ஒரு அங்குலம் விழுந்தாலும் அடி அடிதான்.

இதை வேறொரு கொம்பியூட்டரில் யூ.எஸ்.பி. வழியாகப் பூட்ட ஒரு அடப்டர் வேண்டும். கவனம், கடையில் விற்கும் சின்ன வயர் அடப்டர்களில் பலதும் லாப்டொப் டிஸ்க்குக்கு மட்டும்தான். உங்களுடையது 3.5 அங்குல டிஸ்க், அதற்கு 12 வோல்ட் வேண்டும். யூ.எஸ்.பி. தருவது 5 வோல்ட் மட்டுமே. தனியாகச் சுவரில் குத்தும் கரண்ட் வயர் சேர்ந்த அடப்டரைக் கேட்டு வாங்குங்கள், அல்லது இரவல் எடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், நல்ல நிலையில் உள்ள இன்னொரு மேசைக் கொம்பியூட்டரில் இரண்டாவது டிஸ்க்காகப் பூட்டலாம்.

பூட்டியதும் முதலில் காதைக் கொடுங்கள். மெல்லிய, சீரான ஓட்டச் சத்தம் என்றால் நல்லது. டிக், டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் தட்டினால் அந்த நிமிடமே கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம்தான் போக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள், கேட்க வேண்டாம். நம் ஊர்க் காற்றில் குளிர்ந்த இரும்பை வெளியே எடுத்த நிமிடமே வியர்க்கும், அந்தத் தண்ணீர் உள்ளேயும் கோர்க்கும்.

சத்தம் நன்றாக இருந்தால் அந்தக் கொம்பியூட்டரில் சில கேள்விகள் எழும். "ஃபோர்மட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம். "பிழை இருக்கிறது, திருத்தவா" என்று கேட்டாலும் வேண்டாம். இந்த இரண்டாவதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். என்னுடைய ஆரம்ப வருடங்களில், நலிந்துபோன ஒரு டிஸ்க்கில் விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக் டிஸ்க்கை நானே ஓடவிட்டேன். எங்கள் உறவுக்காரர் ஒருவரின் பிள்ளைகளின் படங்கள் அதில் இருந்தன. அது எழுத்துப் பிழை திருத்துவதுபோல நல்லதைச் செய்யும் என்று நினைத்தேன். அதன் வேலையோ எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையை ஒழுங்காக்குவது. வாசிக்க முடியாத கோப்பு அதற்கு வெறும் குப்பை. பாதிப் படங்கள் பெயரில்லாத துண்டுகளாகப் போய்விட்டன. அன்றிலிருந்து, பிரதி எடுக்குமுன் எந்த டிஸ்க்கையும் நான் திருத்த விடுவதில்லை.

"அனுமதி இல்லை" என்று உங்கள் அப்பாவின் கோப்புறை திறக்க மறுத்தால் பயப்பட வேண்டாம். பழைய விண்டோஸில் இருந்த அவருடைய பெயருக்குப் போட்ட பூட்டு அது. "தொடர்க" என்பதை அமத்தினால் பெரும்பாலும் திறக்கும். திறக்காவிட்டால், விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ற் போட்ட பென் டிரைவில் தொடங்கிப் பார்த்தால் அது இந்தப் பூட்டை மதிக்காமல் காட்டும். எல்லாவற்றையும் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். முதலில் அம்மாவின் படங்கள், அடுத்து கொப்பிகள், பிறகு மற்றவை. இடையில் டிஸ்க் மூச்சை விட்டாலும் பெரியவை வெளியே வந்திருக்க வேண்டும்.

கொப்பிகளைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். அப்பா அந்தக் காலத்தில் தட்டச்சு செய்தவர் என்றால் பாமினி எழுத்துருவில்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் பாடசாலை வினாத்தாள் முதல் கோயில் நோட்டீஸ் வரை அப்போது எல்லாம் பாமினிதான். பாமினியில் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத புதுக் கொம்பியூட்டரில் அதே கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் கொண்டுவந்தபோது குப்பைத் தொட்டியிலிருந்து திரும்ப எடுத்துத்தான் காட்டினேன்; பாமினியைப் போட்டதும் அவருடைய தகப்பனார் எழுதிய காவடிப் பாட்டு வரிவரியாக வந்தது.

ஆகவே அந்தப் பழைய டிஸ்க்கில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொன்ற்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதையும் முழுதாகப் பிரதி எடுங்கள். அப்பா பாமினி தவிர வேறேதும் பாவித்திருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும், பிறகு தேடி அலைய வேண்டாம். ஆறுதலாக இருக்கும் நாளில், எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிக்கோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றியபின் மூலத்தோடு ஒருதரம் ஒப்பிட்டு வாசிக்க வேண்டும், கொம்பும் காலும் சில இடத்தில் பிசகும். தென்மோடிக் கூத்தோ வடமோடிக் கூத்தோ, கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரின் கொப்பியிலிருந்து பார்த்து எழுதியது என்றால் அந்த மூலக் கொப்பி இன்று எங்கே இருக்கிறதோ. அப்பாவின் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

சரி, இப்போது பெட்டி.

நீங்கள் சொன்னதில் மூன்று குறைகள் கலந்து கிடக்கின்றன. நாலைந்து தரம் அமத்த வேண்டியிருப்பது ஒன்று, திகதி பின்னால் போவது ஒன்று, விண்டோஸ் நீலமாக மின்னித் திரும்பத் தொடங்குவது ஒன்று. கடைசி இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான், அது ஒரு சின்னப் பற்றரி. முதலாவதுக்கு ராமையோ பவர் சப்ளையையோ சந்தேகிக்கிறேன். போட் முழுதாகப் போயிருந்தால் அஞ்சாம் தரமும் வராது. அதனால் கடைக்காரர் சொன்னதை நான் இப்போதைக்கு ஏற்கவில்லை.

நம் கரையில் இருக்கும் வீடுகளில் இயந்திரம் வயதால் கெடுவதைவிட உப்பால் கெடுவது கூட. கடலிலிருந்து வரும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் இருக்கிறது. ஃபேன் அதைத் தூசியோடு சேர்த்து உள்ளே இழுத்து எல்லாவற்றின் மேலும் பூசிவிடுகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது காய்ந்த தூசி, ஒன்றும் செய்யாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மாரியில் உப்புச் சிரட்டை கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்தும், செம்பை அரிக்கும். களுவாஞ்சிக்குடியில் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய நிலம். உங்கள் பெட்டி மாரிக்குப் பிறகு அடம்பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ராமிலிருந்து தொடங்குங்கள், செலவில்லாதது அதுதான். பிளக் கழன்றிருக்க வேண்டும். கழற்றியபின்னும் பவர் பொத்தானைப் பத்துச் செக்கன் அமத்திப் பிடித்தால் மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். ராமின் இரு முனையிலும் உள்ள கொளுக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானே மேலெழும். இப்போது அதை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். கீழ் ஓரத்தில் சின்னச் சின்னப் பொன்னிறத் தகடுகள் வரிசையாக இருக்கும். நல்ல ராமில் அவை மஞ்சளாகப் பளபளக்கும். நம் பக்கத்து ராமில் சிலது தேய்ந்த பித்தளைக் குத்துவிளக்குப்போல மங்கி, ஓரத்தில் பச்சையோ வெள்ளையோ படர்ந்து நிற்கும். பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பர் ஒன்றை எடுத்து, ராமை மேசையில் ஒரு தாளின் மேல் வைத்து, ஓரத்தை நோக்கி மெதுவாகத் தேயுங்கள். முன்னும் பின்னுமாக அல்ல, ஒரே பக்கமாக. அழிறப்பரில் கறுப்பு ஏறும், தகடு நிறம் திரும்பும். மை அழிக்கும் நீல றப்பர் வேண்டாம், அதில் மணல் இருக்கிறது, பொன் பூச்சையே சுரண்டிவிடும். துகளை ஊதாமல் பிரஷால் தட்டுங்கள்; வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். ராம் பூட்டும் குழிக்குள்ளும் அதே உலர்ந்த பிரஷ். ஐசோபுரோப்பைல் அல்ககோல் கிடைத்தால் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதை ஒரு துணி நுனியில் தொட்டுத் துடைக்கலாம். வாசனைத் தைலம் சேர்ந்த ஸ்பிரிட் வேண்டாம், படலம் விட்டுவிடும்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு பக்கமும் "டக்" என்று கொளுக்கி விழ வேண்டும். இரண்டு ராம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் ஒரு குழியில், பிறகு மற்றதை, பிறகு மற்றக் குழியில் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். என்னிடம் "செத்துவிட்டது" என்று வரும் பழைய பெட்டிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே எழும்பிவிடுகின்றன.

எழும்பாவிட்டால் இன்னொரு சோதனை. எல்லா ராமையும் கழற்றிவிட்டுத் தொடக்குங்கள். போட்டில் சின்ன பீப் ஸ்பீக்கர் இருந்தால் அது கத்த வேண்டும். கத்தினால் போட்டும் புரொசசரும் உயிரோடு இருக்கின்றன, ராம் இல்லை என்று முறையிடும் அளவுக்கு அவற்றுக்கு அறிவு இருக்கிறது. உங்கள் கேசிங்கில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் நாலு முள்ளில் குத்தும் சின்ன பசர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். சத்தமே இல்லாவிட்டால்தான் பவர் சப்ளை, புரொசசர், போட் என்று யோசிக்க வேண்டும். இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. திரை இருட்டாக இருக்கும்போது கீபோட்டில் எண்களுக்கான Num Lock விசையை அமத்துங்கள். அதன் லைற் எரிந்து அணைந்தால் உள்ளே கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, குறை மொனிற்றரிலோ அதன் வயரிலோ.

அடுத்தது பவர் சப்ளை. ஃபேன் சுற்றுகிறது, ஆகவே இது நல்லது என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். ஃபேனுக்கு 12 வோல்ட் பாதையில் ஏதோ கொஞ்சம் வந்தால் போதும், எட்டு வோல்ட்டிலும் சுற்றும். போட்டுக்கு 3.3, 5, 12 மூன்றும் சரியாக வேண்டும். மூன்றும் சரியானதும் சாம்பல் நிற வயர் வழியாக "தயார்" என்று பவர் சப்ளை சொல்லும். அது வராமல் போட் எதையும் தொடக்காது. உங்கள் பெட்டி குளிர்ந்திருக்கும்போது மறுத்து, நாலைந்து தரம் உசுப்பியபின் எழும்புகிறது என்பது எனக்கு ஒரு விடயத்தை நினைவூட்டுகிறது. உள்ளே உருளை உருளையாகக் கப்பாசிட்டர்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் ஒரு திரவம். வருடக்கணக்கான சூட்டில் அது வற்றும். வற்றிய கப்பாசிட்டர் குளிரில் அறவே வேலை செய்யாது, கொஞ்சம் சூடேறினால் ஓரளவு செய்யும். நீங்கள் ஒவ்வொரு தரமும் அமத்தியது அதைச் சூடாக்கத்தான் உதவியிருக்கிறது. இது ஒருநாள் அறவே நின்றுவிடும்.

மல்டிமீற்றர் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிளக் போட்டதும், தொடக்காமலே, ஊதா வயரில் 5 வோல்ட் நிற்க வேண்டும். தொடக்கியபின் மஞ்சளில் 11.4 இலிருந்து 12.6 வரை, சிவப்பில் 4.75 இலிருந்து 5.25 வரை இருக்கலாம். கறுப்பு வயர்தான் எல்லாவற்றுக்கும் பூமி. அளவு எல்லைக்கு வெளியே போனாலோ, தொடக்கும் நேரம் சரிந்து விழுந்தாலோ பவர் சப்ளையை மாற்றுங்கள். மீற்றர் இல்லாவிட்டால் வேலை செய்யும் ஒரு பெட்டியிலிருந்து இரவல் எடுத்துப் பூட்டிப் பாருங்கள். 24 முள் உள்ள பெரிய தலையும், புரொசசருக்குப் பக்கத்தில் போகும் 4 முள் தலையும் இரண்டும் பூட்ட வேண்டும். இரண்டாவதை மறந்தால் நீங்கள் சொன்ன அதே அறிகுறிதான், ஃபேன் சுற்றும், திரை வராது.

பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். நம் 230 வோல்ட் உள்ளே நேர்மின்னாக மாறியதும் 320 வோல்ட்டுக்குக் கிட்ட ஏறும். பிளக்கைக் கழற்றியபின்னும் அது பெரிய கப்பாசிட்டரில் தங்கி நிற்கும். டோர்ச் அடித்துக் காற்றுத் துளைகளால் பார்த்தால் போதும். பல்லி முட்டை, எறும்புக் கூடு, தலை உப்பிய கப்பாசிட்டர், இவற்றில் எது தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மதர்போட்டிலும் புரொசசரைச் சுற்றியுள்ள உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். அப்பம்போல நடுவில் உப்பியிருந்தாலோ, கபில நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தாலோ அந்த இடத்தில் கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் சோல்டர் பிடிக்கத் தெரிந்தவர் நாலு கப்பாசிட்டரை மாற்றி எழுப்பிவிடுவார்.

ஒரு கேள்வி, அந்தக் கேசிங்கை வெறுங்காலோடு தொட்டால் சுள்ளென்று கடிக்கிறதா? நம் வீடுகளில் இது அதிகம். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிக்கும் சின்னக் கப்பாசிட்டர்கள் கேசிங்கோடு இணைந்திருக்கின்றன. எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத இரண்டு ஓட்டைச் சொக்கற்றில், அல்லது எர்த் முள் உடைந்த பிளக்கில் பூட்டினால் கேசிங்கிலேயே தங்கும். அது உங்களைக் கடிப்பதோடு யூ.எஸ்.பி. வழியாக மற்றச் சாமானையும் தின்னும். முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். தொடக்கும் நேரம் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால், அது விழாமல் இருக்க எர்த்தை வெட்டிவிடும் வேலையை யாரும் செய்ய விடாதீர்கள். அது உயிர் காக்கிறது.

இனிப் பற்றரி. மதர்போட்டில் 20 மில்லிமீற்றர் வட்டத்தில் வெள்ளிக் காசுபோல ஒன்று இருக்கும், சி.ஆர்.2032, 3 வோல்ட். பிளக் கழன்றிருக்கும்போதும் நேரத்தையும் அமைப்புகளையும் ஞாபகம் வைத்திருப்பது அதன் உதவியால்தான். அது வற்றினால் ஒவ்வொரு தரமும் போட் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும், அதுதான் உங்கள் 2012 ஜனவரி 1. மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பழையதைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

இங்கேதான் நீலத் திரையின் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். டிஸ்க்கோடு பேசும் முறை உங்கள் போட்டில் இரண்டு விதம், ஐ.டி.ஈ. என்றும் ஏ.எச்.சி.ஐ. என்றும். விண்டோஸ் 7 ஐப் போடும்போது எது இருந்ததோ அதற்கான மென்பொருளோடுதான் அது எழும்பும். பற்றரி செத்ததும் போட் தன் ஆரம்ப அமைப்புக்குப் போய்விடும். அது மற்ற முறையாக இருந்தால் விண்டோஸ் பாதி எழும்பி, தன் டிஸ்க்கையே காணாமல் நீலத் திரையோடு விழும். உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. நகல் எடுத்து முடித்தபின், டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி, தொடங்கும் நேரம் எஃப்8 ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில், பிழை வந்தால் தானாகத் திரும்பத் தொடங்குவதை நிறுத்தும் வரியைத் தெரிவுசெய்யுங்கள். இப்போது நீலத் திரை நின்று காட்டும். கீழே நீளமான எண் இருக்கும். பூச்சியங்களுக்குப் பிறகு 7பி என்று முடிந்தால் என் சந்தேகம் வலுக்கும். 24 அல்லது 7ஏ என்று முடிந்தால் டிஸ்க் நலிந்திருக்கிறது.

7பி என்றால், தொடங்கும்போது டிலீட் விசையை, சில போட்டில் எஃப்2 ஐ, தட்டி, போட்டின் அமைப்புகளை மாற்றும் பயோஸ் திரைக்குள் போங்கள். நேரத்தையும் திகதியையும் சரிசெய்யுங்கள். டிஸ்க்கோடு பேசும் முறையைத் தெரியும் சாட்டா மோட் என்ற இடத்தைத் தேடி, ஐ.டி.ஈ. இருந்தால் ஏ.எச்.சி.ஐ. ஆக்குங்கள், ஏ.எச்.சி.ஐ. இருந்தால் ஐ.டி.ஈ. ஆக்குங்கள். சேமித்து வெளியே வாருங்கள். விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல வந்து நிற்பதை இப்படிப் பலதரம் பார்த்திருக்கிறேன், அதுவும் "புதிதாக விண்டோஸ் போட வேண்டும்" என்று கேட்டு வந்த பெட்டிகளில்.

எல்லாம் சரியாகி எழும்பினாலும் விண்டோஸ் 7 ஐ வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் என்று போக வேண்டாம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 இந்த ஐ3 ஐ ஏற்காது. அப்பா எழுத மட்டும்தான் பாவிக்கிறார் என்றால், சுழலும் பாகமில்லாத புதுவகை டிஸ்க்கான சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு லினக்ஸ் மின்ற் ஏற்றுங்கள். 4 ஜிபி ராமில் ஓடும், பாமினியும் வேலை செய்யும். பழைய டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி, பொலித்தீனில் சுற்றி, அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் அல்ல, உலர்ந்த அலுமாரிக்குள் வையுங்கள்.

பிறகு அதைப் பார்க்கும் முறை. மாரியில் அடிக்கடி ஓட விடுங்கள். கிழமைக்கு இரண்டு தரம், ஒரு மணித்தியாலம் ஓடினால் உள்ளே உண்டாகும் சூடே ஈரத்தைத் துரத்தும். துணி போர்த்தி மாதக்கணக்காக மூடி வைப்பதுதான் அதற்குக் கேடு. ஏப்ரலிலும் ஒக்டோபர் பக்கத்திலும் இடி முழங்கும் நாட்களில் சுவர்ப் பிளக்கோடு, இணையத்துக்கான தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வயரால் வந்து போட்டை எரித்த பெட்டிகள் இங்கே நிறைய. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் போய் வந்த நாட்களில் பவர் சப்ளைகள் வரிசையாக என்னிடம் வந்தன. கரண்ட் போனால் கொம்பியூட்டரின் சுவிட்சை நிறுத்துங்கள், திரும்ப வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இப்போது உங்களிடம் எனக்கு வேண்டியது இவ்வளவும்தான். டிஸ்க் எப்படிச் சத்தமிட்டது, ராமின் தகடு எந்த நிறத்தில் இருந்தது, ராம் இல்லாமல் போட் கத்தியதா, நீலத் திரையின் எண் என்ன. முடிந்தால் புரொசசரைச் சுற்றியுள்ள கப்பாசிட்டர்களை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்க்கிறேன். அதற்குமுன், அம்மாவின் படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமாக வந்துவிட்டன என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.